500 பிளேன் ஒரே நாளில வித்துப்போச்சோ? எயார் ஷோவில உண்மையா என்ன நடக்குது

சாவகச்சேரித் தம்பி ஒராள் கேட்டிருந்தார்: "அண்ணை, 2023 பரிஸ் எயார் ஷோவில இண்டிகோ 500 பிளேன் வாங்கினதெண்டு சொன்னவை, 2025 டுபாய் ஷோவில எமிரேற்ஸ் 38 பில்லியன் டொலருக்கு வாங்கினதாம். உவ்வளவு காசு உவையிட்ட எங்கால? உந்த ஷோவில வெல்லுறது எயார்பஸோ போயிங்கோ, இல்லாட்டி வாங்கிற எயார்லைனோ?"

நல்ல கேள்வி தம்பி, ஆனா ஒரு வரியில சொல்லேலாது, தேத்தண்ணி ஒண்டு ஊத்திக்கொண்டு வந்து இரும்.

முதல் என்னைப் பற்றி, பேந்து ஆர் இவர் எண்டு கேக்கக்கூடாது. நான் விமானியும் இல்லை எஞ்சினியரும் இல்லை. வளைகுடாவில பதினாலு வருசம் ஒரு எயார்லைனில டெக்னிக்கல் ரெக்கோட்ஸ் எண்ட பகுதியில இருந்தனான், அதாவது பிளேன்ர கடதாசி பாக்கிற வேலை. எந்தச் சாமான் எப்ப பூட்டினது, எப்ப கழட்டினது, அதுக்கு முதல் அது எந்தப் பிளேனில ஓடினது எண்டு பிறந்த நாளில இருந்து கணக்கு வைக்கவேணும். லீசிங்கில எடுத்த பிளேனைத் திருப்பிக் குடுக்கேக்க ஒரு சில்லுக்காலின்ர கடதாசி காணேல்லை எண்டாலே லட்சக்கணக்கான டொலருக்குச் சண்டை வரும். அதால பிளேன் ஆருக்குச் சொந்தம், ஆற்ற காசில ஓடுது எண்டது எனக்குக் கொஞ்சம் விளங்கும். டுபாய் ஷோவுக்கு ரெண்டு தரம் போயிருக்கிறன், வேலை விசயமாத்தான், பாஸ் கொம்பனி தந்தது. இப்ப ஊரோட.

சரி. ஷோவில ஒருத்தரும் போய் பிளேன் பாத்து விலை பேசி வாங்கிறேல்லை. அது கொடிகாமம் சந்தை மாதிரி இல்லை. வாங்கினதைச் சொல்லிக்காட்டுற இடம் அது.

எங்கட ஊரில வெளிநாட்டு மாப்பிளைக்குக் கலியாணம் பேசினால் என்ன நடக்கும்? முதல் பேச்சுக்கால். புரோக்கர் வருவார் போவார், சாதகம் பாப்பினம், சீதனம் கதைப்பினம், மாசக்கணக்கில இழுபடும். பேந்து எழுத்து, அதான் கலியாணப் பதிவு. எழுத்து முடிஞ்சாலும் தாலி ஏறுறது விசா வந்தாப்பிறகுதான், சிலருக்கு மூண்டு நாலு வருசம். பிளேன் வியாபாரமும் அச்சொட்டா இதுதான். எம்ஓயூ எண்டுறது பேச்சுக்கால், ரெண்டு பகுதிக்கும் விருப்பம் எண்டு ஒரு கடதாசி, விட்டுட்டுப் போனாலும் பெரிசா ஒண்டும் செய்யேலாது. பேர்ம் ஓடர் எண்டுறது எழுத்து, அட்வான்ஸ் கட்டி ஒப்பம் வைச்சது. டெலிவரி தாலி. ஒப்ஷன் எண்டும் ஒண்டிருக்கு, அது பக்கத்துக் காணியையும் இந்த விலைக்கு எனக்குத்தான் தரவேணும் எண்டு சொல்லி வைக்கிற மாதிரி. நியூஸ்காரர் இந்த எல்லாத்தையும் ஒண்டாக் கூட்டி "வாங்கினது" எண்டு எழுதிப்போடுவினம். பேச்சுக்காலையும் தாலியையும் கூட்டி ஊரில எத்தினை கலியாணம் நடந்ததெண்டு கணக்குச் சொன்னா எப்பிடி இருக்கும், அப்பிடி.

எயார் ஷோ எண்டது மண்டபத்தில வீடியோக்காரன் வாற நாள். பரிஸ் ஷோ லெ பூர்ஜேயில ஒற்றைப்பட வருசம் ஜூன் மாசம், ஃபான்பரோ இங்கிலாந்தில இரட்டைப்பட வருசம் ஜூலையில, டுபாய் ஒற்றைப்பட வருசம் நவம்பரில, சிங்கப்பூர் இரட்டைப்பட வருசம் பெப்ரவரியில. இதில பரிஸ்தான் மூத்தது, 1909ல தொடங்கினது. கொம்பனிக்காரர் மாதக்கணக்கில பேசி முடிச்ச டீலைப் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருந்து ஷோ முதல் நாள் வெளியில எடுப்பினம். கோட்டுப் போட்ட ரெண்டு பேர் மேசையில இருந்து ஒப்பம் வைப்பினம், ஒரு பொம்மைப் பிளேனைக் கைமாத்துவினம், ஐம்பது கமரா அடிக்கும், முடிஞ்சுது. நான் பாத்த ஒரு ஒப்பம் ஏழு நிமிசம் இருக்கும், பேந்து பின்னுக்குப் பெரிய கேக் ஒண்டு வெட்டினவை, எனக்கும் ஒரு துண்டு கிடைச்சது.

இனிக் காசு. நியூஸில வாற பில்லியன் கணக்கை அப்பிடியே நம்பாதையும். அது லிஸ்ற் பிரைஸை எண்ணிக்கையால பெருக்கினது. எயார்பஸ் கடைசியா விலைப்பட்டியல் வெளியிட்டது 2018ல, அதில ஏ320 நியோ ஒண்டு 110.6 மில்லியன் டொலர். அதை 500ஆல பெருக்கினால் 55 பில்லியன் வரும், இண்டிகோ நியூஸில போட்ட கணக்கு அதுதான். உண்மையில பெரிய ஓடர்காரர் அதில பாதி, அதுக்கும் குறைவாக் குடுத்துத்தான் எடுப்பினம். எவ்வளவு எண்டு ரெண்டு பகுதியும் வாய் திறக்காது, கொன்ராக்டில ரகசியம் எண்டு எழுதியே இருக்கும். புடவைக்கடையில 5,000 எண்டு ஒட்டி வெட்டிப்போட்டு 2,500க்கு விக்கிறவையெல்லோ, அதேதான், ஆனா இஞ்ச வெட்டின விலையை மறைச்சு வெட்டாத விலையைப் பேப்பரில போடுவினம். ரெண்டு பேருக்கும் பெருமை.

அந்தப் பாதி விலையையும் ஒரே நாளில கட்டுறேல்லை. ஒப்பம் வைக்கேக்க சின்ன அட்வான்ஸ், பிளேன் வாறதுக்கு ரெண்டு வருசம் அளவில இருக்கேக்க தவணை தவணையாக் கொஞ்சம், எல்லாம் சேத்து 20, 30 வீதம் எண்டு வையும். மிச்சம் சாவி கைக்கு வாற அண்டைக்கு. இண்டிகோவின்ர அந்த 500உம் வாறது 2030க்கும் 2035க்கும் இடையில. அதால 2023ல அவையிட்ட 55 பில்லியன் இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

சாவி கைக்கு வாற அண்டைக்காவது காசு வேணும்தானே எண்டு கேப்பீர். அங்கதான் விளையாட்டு. எங்கட ஊரில ஓட்டோ லீசிங் தெரியும்தானே. இப்பிடி யோசிச்சுப் பாரும்: ஒராள் ஏஜென்சியிட்ட 100 ஓட்டோ மொத்தமாப் பேசி பாதி விலைக்கு எடுக்கிறார். எடுத்த அண்டைக்கே அதை ஒரு லீசிங் கொம்பனிக்குச் சந்தை விலைக்கு வித்துப்போட்டு, அதே ஓட்டோவை மாத வாடகைக்கு அவையிட்டயே திருப்பி எடுத்து ஓடுறார். ஓட்டோ ஓடத் தொடங்க முதலே கையில லாபம். இதுக்குப் பேர் சேல் அண்ட் லீஸ்பாக். இண்டிகோ வளந்ததில பெரிய பங்கு இதுக்கு இருக்கு. பிளேன்ர உண்மையான முதலாளி டப்ளினிலயோ சிங்கப்பூரிலயோ இருக்கிற லீசிங் கொம்பனி, ஏர்கேப், அவலோன், பிஓசி ஏவியேஷன் மாதிரி. உலகத்தில ஓடுற பயணிகள் பிளேனில பாதியளவு இப்பிடி வாடகைப் பிளேன்தான். ஷோவில இவையும் வந்து நூற்றுக்கணக்கில ஓடர் குடுப்பினம், ஆனா தங்கட பேரில ஒரு பிளேனும் பறக்காது, அதால எங்கட ஆக்களுக்கு இவையின்ர பேரே தெரியாது.

அப்ப வெல்லுறது ஆர்? இதுக்கு நான் எப்பவும் சொல்லுற உதாரணம் 2005 பரிஸ் ஷோ. எயார்பஸின்ர ரெண்டு மாடிப் பிளேன் ஏ380 முதல் முதல் சனத்துக்கு முன்னால பறந்து காட்டின ஷோ அது, உலகமே அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது. அந்த ஷோவில இந்தியாவில இருந்து ரெண்டு பேர் வந்தவை. ஒராள் கிங்பிஷர் விஜய் மல்லையா, ஏ380 அஞ்சு, ஏ350 அஞ்சு, ஏ330 அஞ்சு எண்டு ஒப்பந்தம், படம் எல்லாம் அவருக்குத்தான். மற்றது இண்டிகோ எண்ட ஒரு பேர், அப்ப அவையிட்ட ஒரு பிளேனும் இல்லை, ஒரு ரிக்கெற்றும் வித்ததில்லை, வந்து ஏ320 நூறு ஓடர் குடுத்தவை. விசர் எண்டுதான் கனபேர் நினைச்சவை. கிங்பிஷர் 2012ல படுத்துப்போச்சு, ஒரு ஏ380உம் எடுக்கேல்லை. இண்டிகோ 2006ல பறக்கத் தொடங்கி இப்ப இந்தியாவின்ர உள்நாட்டுப் பயணத்தில பாதிக்கு மேல பிடிச்சு வைச்சிருக்கு. அந்தக் கிழமை ஷோவில நிண்ட ஒராளிட்ட ஆர் வெண்டது எண்டு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

எயார்பஸுக்கும் போயிங்குக்கும் உள்ள போட்டியிலயும் இதுதான் கதை. 2010 டிசம்பரில எயார்பஸ் ஏ320க்குப் புது எஞ்சின் பூட்டி நியோ எண்டு அறிவிச்சது. 2011 ஜூன் பரிஸ் ஷோவில சனம் அள்ளிக்கொண்டு போச்சுது, எயார்ஏசியா 200, இண்டிகோ 180, கோஎயார் 72, எல்லாம் கூட்டி எயார்பஸுக்கு 730 பிளேன், லிஸ்ற் விலையில 72 பில்லியன். போயிங் அந்த நேரம் முழுக்கப் புதுசா ஒரு சின்னப் பிளேன் செய்வமோ, பழைய 737க்கே புது எஞ்சின் பூட்டுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தது. ஷோ முடிஞ்சு அடுத்த மாசம், அதுவரைக்கும் போயிங்கின்ர வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் 460 பிளேன் ஓடர் குடுத்தது, அதில 260 எயார்பஸுக்கு. அதோட போயிங்குக்கு யோசிக்க நேரமில்லை, 737 மக்ஸ் பிறந்தது. பழைய உடம்பில பெரிய எஞ்சினை முன்னுக்குத் தள்ளிப் பூட்ட, அதைச் சமாளிக்க ஒரு சொஃப்ற்வெயார் போட, 2018ல லயன் எயார் 189 பேர், 2019ல எத்தியோப்பியன் 157 பேர். பரிஸ் ஷோவில இருந்து அந்தச் சாவுகள் வரைக்கும் ஒரு நேர்கோடு கீறேலாது, கீறவும் கூடாது, இடையில எத்தினையோ பேரின்ர எத்தினையோ முடிவுகள் இருக்கு. ஆனா அவதிப்பட்டு எடுத்த அந்த முடிவு இல்லாட்டி மக்ஸ் அப்பிடி வந்திருக்குமோ எண்டு எனக்கு ஒரு யோசனை எப்பவும் இருக்கு.

எட்டு வருசம் கழிச்சு, 2019 பரிஸ் ஷோ. மக்ஸ் உலகம் முழுக்க நிலத்தில நிக்குது, போயிங் தலையைக் குனிஞ்சு கொண்டு வந்திருக்கு, ஒருத்தரும் ஓடர் குடுக்கமாட்டினம் எண்டு நினைச்சிருக்க, பிரிட்டிஷ் எயார்வேஸின்ர தாய்க் கொம்பனி ஐஏஜி 200 மக்ஸ் எடுக்க லெட்டர் ஒவ் இன்ரென்ற் குடுத்தது. எயார்பஸ்காரருக்கு வயித்தில புளி. ஏன் குடுத்தவை எண்டால், கடைக்காரன் கஸ்ரத்தில இருக்கேக்கதான் விலை பேச நல்ல நேரம். ஆனா அது பேச்சுக்கால்தானே, இடையில கொரோனாவும் வந்துது, கடைசியா 2022ல எழுத்தாப் போனது 50, அதோட 100 ஒப்ஷன். நியூஸில 200 எண்டு வாசிச்ச ஆக்கள் 2022 நியூஸை வாசிச்சிருக்கவே மாட்டினம்.

அயர்லாந்தின்ர மலிவு எயார்லைன் ரயன்எயாரும் இதே ஆள். நியூயோர்க் கட்டிட இடிப்புக்குப் பிறகு உலகமே பறக்கப் பயந்து கிடக்க, 2002 ஜனவரியில 100 போயிங் 737 ஓடர். கொரோனா உச்சத்தில, 2020 டிசம்பரில 75 மக்ஸ். ரெண்டும் எயார் ஷோவில இல்லை. கூட்டம் இல்லாத நேரம் கடைக்குப் போற ஆள். என்னைக் கேட்டா எயார்லைன்காரரில கெட்டிக்காரர் இவை, எல்லாரும் வரிசையில நிக்கிற ஷோவில போய் நிண்டு ஓடர் குடுக்கிறவைக்கு விலையும் கிடையாது, இடமும் கிடையாது.

டுபாய் கதை இன்னும் பகிடி. 2013ல போயிங் 777எக்ஸ் எண்டு அறிமுகம் செய்ய எமிரேற்ஸ் ஒரேயடியா 150 எண்டு சொல்லிச்சுது. முதல் பிளேன் 2020ல வரும் எண்டவை. இந்தப் பதிலை எழுதுற வரைக்கும் வரேல்லை, 2027 எண்டு சொல்லினம், பிந்தினதுக்கு 2025 ஒக்ரோபரில மட்டும் போயிங் 4.9 பில்லியன் நட்டம் எழுதினது. இடையில எமிரேற்ஸ் அந்த 150ஐ 115ஆக் குறைச்சது, 2023 ஷோவில 90 கூட்டினது, 2025 ஷோவில நீர் கேட்ட 38 பில்லியன் ஓடரில 65 கூட்டினது, இப்ப 270. ஒண்டுகூட இன்னும் வாசலுக்கு வரேல்லை, மாப்பிளை விசா இல்லாமல் நிக்கிறார், பொம்பிளை வீட்டார் மண்டபத்தைப் பெருப்பிச்சுக்கொண்டே இருக்கினம். ஏன் எண்டு கேட்டால், பெரிய பிளேனில அவைக்குச் சரிவாறதுக்கு வேற ஆளில்லை. ஏ350 பெரிசு இருக்கு, ஆனா அதின்ர ரோல்ஸ் றொய்ஸ் எஞ்சின் பாலைவனப் புழுதியில கனகாலம் தாக்குப்பிடிக்காது எண்டு எமிரேற்ஸ் தலைவர் ரிம் கிளார்க் 2023 ஷோவில வைச்சே பகிரங்கமாச் சொன்னவர். ஷோவில வந்து விக்கிறவனின்ர சாமானைப் பழி சொல்லுறது, அதுவும் ஒரு பேரம்தான்.

2017 டுபாய் ஷோவில எல்லாரும் எமிரேற்ஸ் ஏ380 ஓடர் குடுக்கப்போகுது எண்டு காத்துக்கொண்டு இருக்க, அவை வந்து போயிங் 787-10 நாப்பது எண்டு சொல்லி எயார்பஸின்ர முகத்தில கரி. போயிங்குக்கு வெற்றி எண்டு எழுதிச்சினம். பேந்து என்ன நடந்தது? 2019 ஷோவில அந்த நாப்பதையும் மாத்தி 787-9 முப்பதாக்கினது, அதே ஷோவில எயார்பஸிட்ட ஏ350 ஐம்பது ஓடர். ஏ380 செய்யிறதையும் எயார்பஸ் நிப்பாட்டுறன் எண்டு 2019 பெப்ரவரியில சொல்லிப்போட்டுது. அப்ப 2017ல வெண்டது ஆர் தோத்தது ஆர், நீரே சொல்லும்.

இன்னொரு ஆளை நியூஸ்காரர் கண்டுகொள்ளவே மாட்டினம், எஞ்சின்காரர். பிளேன் ஓடர் வேற, எஞ்சின் ஓடர் வேற. எஞ்சினை விக்கேக்க பெரிய லாபமில்லை, இருவது வருசம் அதைக் கழட்டிப் பூட்டிச் சாமான் மாத்திறதிலதான் காசு. ஆனா எஞ்சின் பிழைச்சால் எயார்லைனும் விழுந்திடும். மேல சொன்ன கோஎயார், 2011ல 72 நியோ எண்டு படம் எடுத்தவை, பேந்து கோ ஃபெர்ஸ்ட் எண்டு பேர் மாத்தினவை, 2023 மே மாசம் வங்குரோத்து. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பழுதாகி எங்கட பிளேனில பாதி நிலத்தில நிக்குது, அதாலதான் எண்டு சொன்னவை. அடுத்த மாசம் பரிஸ் ஷோவில அதே ஊர் இண்டிகோ 500. இண்டிகோவிட்டயும் அதே எஞ்சின் போட்ட பிளேன் கனக்க நிண்டதுதான், ஆனா அவை முதலே, 2019 பரிஸ் ஷோவில, 280 பிளேனுக்கு சிஎஃப்எம் எண்ட வேற கொம்பனியின்ர எஞ்சின் எண்டு மாறிப்போட்டினம். என்னைக் கேட்டா அந்த ஷோவில பெரிய விசயம் அதுதான்.

எங்கட நாட்டுக் கதையையும் சொல்லவேணும். 2013 பரிஸ் ஷோவில ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஏ330 ஆறு, ஏ350 நாலு எண்டு எயார்பஸோட ஒப்பந்தம். கொழும்புப் பேப்பர் எல்லாம் பெருமை. ஏற்கெனவே நட்டத்தில ஓடுற கொம்பனி, ஆர் கேட்டது ஏ350? பிறகு ஆட்சி மாற, லீசிங்கில எடுக்க இருந்த ஏ350களை வேண்டாம் எண்டு விட்டதுக்கு நட்டஈடு கட்டினது. கதை அதோட முடியேல்லை. 2020 ஜனவரியில எயார்பஸ், உலகம் முழுக்க லஞ்சம் குடுத்து வித்த வழக்குகளை முடிக்க பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூண்டுக்கும் சேத்து 3.6 பில்லியன் யூரோ கட்டினது. அந்த பிரித்தானிய வழக்குக் கடதாசியில ஸ்ரீலங்கன் பேரும் இருக்கு, அதிகாரி ஒருவரின்ர மனைவியின்ர கொம்பனிக்கு 16.84 மில்லியன் டொலர் வரைக்கும் குடுக்க ஒத்துக்கொண்டு, அதில 2 மில்லியன் குடுத்ததெண்டு. ஷோவில கைமாத்துற பொம்மைப் பிளேனைத்தான் கமரா படம் பிடிக்கும். அந்தக் கடனுக்கும் நட்டத்துக்கும் வரி கட்டுறது பலாலி றோட்டில பெற்றோலுக்கு நிக்கிற நீரும் நானும்.

நான் வேலை செய்த கொம்பனியும் ஒருக்கா இப்பிடித்தான். பேர் வேண்டாம். ஷோவில பத்துப் பிளேனுக்கு எம்ஓயூ எண்டு பெரிய சத்தம், எங்கட பகுதிக்கு மெயில் வந்தது, புது றாக்கை வாங்கு, ஆக்களைப் பழக்கு, ரெடியா இரு எண்டு. றாக்கையும் வாங்கினம். ரெண்டு பிள்ளையளை வேலைக்கு எடுத்தம், ஒண்டு மானிப்பாய்ப் பிள்ளை. வருசம் ஒண்டாச்சு, ரெண்டாச்சு. அடுத்த ஷோவும் வந்துது, எங்கட முதலாளிமார் பத்துப் பிளேன் கதையே கதைக்கேல்லை, ஆரும் கேக்கவும் இல்லை. நான் மாதாமாதம் எயார்பஸ், போயிங் ரெண்டும் வெளியிடுற ஓடர் பட்டியலை எடுத்துப் பாப்பன், எங்கட பேர் ஒருக்காலும் அதில ஏறேல்லை. அந்த றாக்கையில கடைசி வரைக்கும் பிரிண்டர் பேப்பர்தான் அடுக்கியிருந்தது.

அந்தப் பட்டியலைத்தான் நீரும் பாக்கவேணும், ஷோ நியூஸை இல்லை. போயிங்கின்ர கணக்கில இன்னொரு விசயமும் இருக்கு, ஒப்பம் வைச்ச ஓடரா இருந்தாலும் இந்த ஆள் எடுக்கமாட்டார் எண்டு சந்தேகம் வந்தால் கணக்கியல் விதிப்படி அதை ஒரு பக்கமா ஒதுக்கி வைப்பினம்.

இப்ப எயார்பஸும் போயிங்கும் உண்மையில மல்லுக்கட்டுறது ஓடருக்கு இல்லை. 2024ல எயார்பஸ் குடுத்தது 766 பிளேன், போயிங் 348. எயார்பஸிட்ட அந்த வருச முடிவில காத்திருக்கிற ஓடர் 8,600க்கு மேல. பிரிச்சுப் பாரும், பதினொரு வருச வேலை. இண்டைக்கு போய் ஒரு ஏ321 தா எண்டு கேட்டால் அடுத்த பத்தாண்டில வா எண்டுதான் சொல்லுவினம். இப்பிடி வரிசை நீண்டால் வரிசையில இருக்கிற இடத்துக்கே விலை வந்திடும், மண்ணெண்ணைக்கு நிண்ட காலத்தில போத்தலை வைச்சு இடம் பிடிச்ச மாதிரி. அதாலதான் எயார்லைன்காரர் தேவைக்கு மேல ஓடர் குடுக்கினம், லீசிங்காரரும் குடுக்கினம், நாளைக்கு இடத்தையே விக்கலாம் எண்டு. பிளேன் செய்யிறவைக்கோ சாமான் வரேல்லை, 2025 நடுப்பகுதியில எயார்பஸிட்ட எல்லாம் பூட்டி முடிஞ்சு எஞ்சின் மட்டும் இல்லாமல் 60 பிளேன் அளவில நிண்டது. சீற் செய்யிறவன், கழிவறைக் கதவு செய்யிறவன், இரும்பு வாத்துக் குடுக்கிறவன் எண்டு ஷோ மண்டபத்துக்குள்ள மூலையில சின்னச் சின்னக் கடை போட்டிருப்பினமே, உண்மையான வியாபாரம் அங்கதான் நடக்குது, பெரிய முதலாளிமார் அவையிட்டத்தான் கெஞ்சிக்கொண்டு நிப்பினம். பொம்மைப் பிளேனும் கேக்கும் அங்க இல்லை.

2025 பரிஸ் ஷோவில அந்தக் கேக்கும் பெரிசா இல்லை. ஷோ தொடங்க நாலு நாளைக்கு முதல், ஜூன் 12, அகமதாபாத்தில எயார் இந்தியா 787 விழுந்து 260 பேர் செத்துப்போச்சினம். போயிங் தலைவர் வாறதையே நிப்பாட்டினவர், ஓடர் அறிவிக்கிறதையும் அடக்கி வாசிச்சவை, எயார்பஸ் தன்ர அறிவிப்புகளைச் செய்தது, ஆனா முந்தின ஷோக்கள் மாதிரி ஆரவாரம் இல்லை. அஞ்சு மாசத்தில டுபாயில பார்த்தால், அதுவரைக்கும் போயிங் தவிர வேற ஒண்டும் ஓட்டாத ஃப்ளைடுபாய் எயார்பஸ் ஏ321 நியோ 150 எண்டு ஒப்பம், அடுத்த நாளே போயிங்குக்கும் 75 மக்ஸ், ஒரு ஆளையும் பகைக்காமல். அதே ஷோ கடைசி நாள் இந்தியாவின்ர தேஜஸ் சண்டை விமானம் பறந்து காட்டேக்க விழுந்து விமானி இறந்தவர். இது புதுசில்லை, 1952ல ஃபான்பரோவில பிளேன் வானத்தில உடைஞ்சு பாத்துக்கொண்டு நிண்ட சனத்தில 29 பேர் செத்தவை, 1973ல பரிஸில ரஷ்யாவின்ர டியூ-144 விழுந்து பக்கத்து ஊரில வீடுகளும் போச்சு.

பறந்து காட்டுற பகுதி பற்றி எனக்குப் பெரிசா எழுத மனமில்லை, உண்மையைச் சொன்னால். என்ர பெரியம்மான்ர மகன் லா கூர்னெவில இருக்கிறான், லெ பூர்ஜேக்குப் பக்கத்து ஊர், எங்கட சனம் கனக்க இருக்கிற இடம். ஷோ நடக்கிற ஜூனில பகல் முழுக்க ரஃபால் வீட்டுக்கு மேலால கிழிச்சுக்கொண்டு போகுமாம், யன்னல் அதிருமாம், பிரெஞ்சுக்காரப் பிள்ளையள் பல்கனியில நிண்டு கை தட்டுங்களாம். அவன்ர அம்மா, எழுபது தாண்டின மனிசி, சத்தம் கேட்டவுடன மேசைக்குக் கீழ போய் இருந்திட்டாவாம். அவ்ரோ, புக்காரா, சகடை, சுப்பர்சொனிக் எண்டு குண்டு போட வாற பிளேன்ர சத்தத்தை வைச்சே பேர் சொன்ன சனம் நாங்கள், யுத்த காலத்தில பங்கருக்குள்ள இருந்து. டுபாயில நான் முதல் தரம் போனபோது ஃபைற்றர் ஒண்டு தலைக்கு மேலால ஏற, பக்கத்தில நிண்ட மலையாளி நண்பன் போன் எடுத்துப் படம் பிடிச்சான், நான் பாட்டுக்கு மண்டபத்துக்குள்ள போய் சீற் கடை பாத்துக்கொண்டு நிண்டனான்.

கடைசியா, உம்மட கேள்வியில இல்லாட்டியும் கேக்க நினைச்சிருப்பீர், அந்த 500இல ஒண்டாவது பலாலிக்கு வருமோ எண்டு. இப்போதைக்கு இல்லை, ஓடுபாதை காணாது. 2024 செப்டெம்பரில இருந்து சென்னைக்கு இண்டிகோ விடுறது ஏடிஆர், ரெண்டு காத்தாடி போட்ட 78 சீற் பிளேன், அதையும் பிரான்ஸ் துலூஸில எயார்பஸும் இத்தாலியின்ர லியோனார்டோவும் சேந்துதான் செய்யினம். அடுத்த முறை சென்னைக்கோ திருச்சிக்கோ போகேக்க ஏறுற வாசல் நிலையில ஒருக்கால் பாரும், இல்லாட்டி விமானி அறைக் கதவு திறந்திருந்தால் உள்ளுக்க எட்டிப் பாரும். வாடகைப் பிளேன் எண்டால் முதலாளி பேர் எழுதின சின்னத் தகடு ஒண்டு எங்கையாவது அடிச்சிருக்கும், நான் பதினாலு வருசமா எண்ணிக்கொண்டு இருந்த தகடு. இண்டிகோ எண்டு இருக்குதோ வேற பேர் இருக்குதோ எண்டு பாத்துப்போட்டு எனக்கும் ஒருக்காச் சொல்லும்.